திறமையை ஈர்க்கும் போட்டியும் வேலைநேரத்தின் மீதான தாக்குதலும்

மகாராஷ்டிர அமைச்சரவை 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் புதிய புத்தொழில் கொள்கை ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. ஐந்து ஆண்டுகளில் 50,000 ஸ்டார்ட்அப் நிறுவனங்கள், 1.25 லட்சம் தொழில்முனைவோர், 500 கோடி ரூபாயில் ஒரு நிதியம் என்பவை அதில் அறிவிக்கப்பட்ட இலக்குகள். ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் முதல் வாரத்தில், அதே அமைச்சரவை தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 9 மணி நேரமாக இருந்த வேலை வரம்பை 12 ஆகவும், கடைகள் மற்றும் நிறுவனங்களில் 9 ஆக இருந்ததை 10 ஆகவும் உயர்த்த முடிவு செய்தது. அதைத் தொடர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களின் 400 உலகளாவிய திறன் மையங்களை மாநிலத்துக்கு ஈர்த்து 4 லட்சம் வேலைவாய்ப்புகளை உருவாக்கப் போவதாக மற்றொரு கொள்கையையும் வெளியிட்டது.

முதலாளித்துவ ஊடகங்கள் இந்த மூன்றையும் வெவ்வேறு பக்கங்களில் வெளியிட்டன. முதலாவதும் மூன்றாவதும் வளர்ச்சிச் செய்திகளாயின. இரண்டாவது நிர்வாகச் செய்தியாக ஒதுக்கப்பட்டது. உண்மையில் மூன்றும் ஒரே கொள்கையின் பகுதிகள். மூலதனத்தை வரவழைக்கும் போட்டியில் ஒரு மாநில அரசு முன்வைக்கும் விலைப்பட்டியலில் மானியமும் நிலமும் ஒரு வரி என்றால், தொழிலாளியின் வேலைநேரம் இன்னொரு வரி. ஸ்டார்ட்அப் நகரம் என்று விளம்பரப்படுத்தப்படும் புனேயில் இதைத் தெளிவாகக் காண முடிகிறது.

பொது முதலீடு வளர்த்த நகரம்

திறமைசாலிகளை 'ஈர்ப்பது' பற்றி ஆட்சியாளர்கள் பேசுகிறார்கள். சலுகை அதிகமுள்ள ஊரைத் தேடிப் பறந்து வந்து இறங்கும் ஒரு பண்டத்தைப் போலத் திறமையை அவர்கள் கருதுகிறார்கள். புனேயின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

சாவித்திரிபாய் புலேயும் ஜோதிராவ் புலேயும் 1848இல் பிடேவாடாவில் பெண் குழந்தைகளுக்காகப் பள்ளி திறந்த நகரம் இது. நாட்டின் பழமையான பொறியியல் கல்லூரிகளில் ஒன்று 1854இல் இங்கே தொடங்கப்பட்டது. இன்று சாவித்திரிபாய் புலேயின் பெயரைத் தாங்கி நிற்கும் பல்கலைக்கழகம் 1949இலும், தேசிய வேதியியல் ஆய்வகம் 1950இலும் நிறுவப்பட்டன. பொதுத்துறையின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954இல் பிம்ப்ரியில் உருவானது. அமெரிக்கா தனது உயர்திறன் கணினிகளை இந்தியாவுக்குத் தர மறுத்த சூழலில், 1988இல் புனேயில் சிடாக் என்னும் அரசு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் 1991இல் பரம் 8000 என்னும் மீத்திறன் கணினியை உருவாக்கிக் காட்டினர். மென்பொருள் ஏற்றுமதிக்கான தொழில்நுட்பப் பூங்காக்களை மத்திய அரசு 1990இல் அமைக்கத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெங்களூரு, புனே, புவனேசுவரம் ஆகிய மூன்று நகரங்களில் புனேயும் ஒன்று.

அதாவது, தனியார் மென்பொருள் நிறுவனங்கள் ஹிஞ்சவடிக்கும் கராடிக்கும் வருவதற்கு முன்பே, அவர்களுக்குத் தேவையான பயிற்சி பெற்ற உழைப்புச் சக்தியைப் பொதுக் கல்வியும் பொது ஆய்வகங்களும் பொதுத்துறையும் தயாரித்து வைத்திருந்தன. அதே காலத்தில் வளர்ந்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டையின் இயந்திரத் தொழிலாளர்கள் தமது உழைப்பாலும் போராட்டத்தாலும் இந்த நகரத்துக்கு ஒரு தொழில் பண்பாட்டைத் தந்தார்கள். 1989 செப்டம்பரில் சனிவார்வாடா முன் டெல்கோ தொழிலாளர்கள் நடத்திய உண்ணாவிரதமும், அதைக் காவல்துறை ஒடுக்கிய விதமும் அந்த வரலாற்றின் ஒரு பகுதி.

இந்த அடித்தளம் இன்று அரிக்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. மணிநேரக் கணக்கில் கூலி பெறும் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு வகுப்புகள் நடத்தப்படுகின்றன. திறமை வளரும் இடத்தைப் பட்டினி போட்டுவிட்டு, திறமையை விலை கொடுத்து வாங்குவதாகச் சொல்லும் அரசின் நோக்கம் எதுவாக இருக்க முடியும்? பொதுப் பணத்தைக் கல்விக் கூடங்களிலிருந்து முதலீட்டாளர்களின் கைகளுக்கு மாற்றுவதுதான்.

மாநிலங்களுக்கிடையே ஏலம்

2025 ஜூலையில் ஹிஞ்சவடியைப் பார்வையிட்ட அன்றைய துணை முதல்வர் அஜித் பவார், தகவல் தொழில்நுட்பப் பூங்கா புனேயை விட்டும் மகாராஷ்டிரத்தை விட்டும் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போய்க் கொண்டிருக்கிறது என்று கடிந்துகொண்டார். மழைநீர் தேங்கும் சாலைகள், மணிக்கணக்கில் நகராத வாகனங்கள், குடிநீர்த் தட்டுப்பாடு ஆகியவையே காரணங்களாகச் சொல்லப்பட்டன. இவை அனைத்தும் உண்மை. ஆனால், இந்த நிலைக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை.

விளைநிலங்களை மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகத்தின் மூலம் கையகப்படுத்தி, ஹிஞ்சவடி, மான், மாருஞ்சி கிராமங்களில் இந்தப் பூங்கா எழுப்பப்பட்டது. பன்னாட்டு நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் அந்த மண், நிர்வாக ரீதியாக இன்னும் கிராம ஊராட்சிகளின் கையில் இருக்கிறது. சாலை ஓர் அமைப்பிடம், திட்டமிடல் வேறோர் அமைப்பிடம், குப்பை அகற்றுதல் ஊராட்சியிடம் என்று பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. சிவாஜிநகரையும் ஹிஞ்சவடியையும் இணைக்கும் சுமார் 23 கிலோமீட்டர் மெட்ரோ தடம் அரசு-தனியார் கூட்டு முறையில் ஒப்படைக்கப்பட்டது. 2018 டிசம்பரில் பிரதமர் அடிக்கல் நாட்டிய அந்தத் தடத்தில் 2025 முடியும் வரை பயணிகள் ரயில் ஓடவில்லை. இதற்கிடையில், 2025 ஜூனில் நகரப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்காக 2016 ஜனவரியில் தேர்வான முதல் இருபது நகரங்களில் புனே இரண்டாம் இடம் பெற்றது. அதே ஆண்டு ஜூன் 25 அன்று பாலேவாடியில் அந்தத் திட்டத்தின் பணிகளை மோடி தொடங்கி வைத்தார். அந்த நகரத்தின் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச் மாதத்தில் முடிந்தது. அதன்பின் 2026 ஜனவரி வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் அதிகாரிகளின் ஆட்சி நடந்தது. முதலீட்டாளர் மாநாடுகள் ஒன்றும் நிற்கவில்லை. வார்டு உறுப்பினரைக் கேள்வி கேட்கும் குடிமக்களின் உரிமை மட்டும் நின்றுபோனது.

அரசியல் தலைமைகள் இதற்குச் சொல்லும் தீர்வு, பக்கத்து மாநிலத்தைவிடக் கூடுதல் சலுகை என்பதே. ஆந்திர அரசு 2025 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் 21.16 ஏக்கர் நிலத்தை 99 பைசாவுக்கு டிசிஎஸ் நிறுவனத்துக்கு வழங்கியது. கர்நாடக அரசு தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து அளித்த விலக்கை மீண்டும் மீண்டும் நீட்டித்தது. மகாராஷ்டிரம் வேலைநேரத்தை நீட்டிக்கிறது. ஒரு மாநிலம் கொடுத்ததைக் காட்டி அடுத்த மாநிலத்திடம் அதைவிட அதிகமாகக் கேட்பது மூலதனத்துக்கு எளிது. இந்த ஏலத்தில் எந்த மாநிலம் வென்றாலும் தோற்பது எல்லா மாநிலங்களின் உழைப்பாளிகளும்தான்.

சட்டத்துக்கு வெளியே ஒரு தொழில்

மோடி அரசு 2016 ஜனவரி 16 அன்று 'ஸ்டார்ட்அப் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியபோதே இதன் வர்க்கத் தன்மை வெளிப்பட்டது. புத்தொழில் நிறுவனங்களுக்கு வருமான வரி விலக்கும் 10,000 கோடி ரூபாய் நிதியமும் அறிவிக்கப்பட்டன. கூடவே, ஆறு தொழிலாளர் சட்டங்களை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதாக நிறுவனமே தனக்குத் தானே சான்றளித்துக் கொள்ளலாம், மூன்று ஆண்டுகளுக்குத் தொழிலாளர் துறை ஆய்வு கிடையாது என்ற சலுகையும் தரப்பட்டது. தொழிலாளர் சட்டத்தைப் புத்தாக்கத்துக்கு எதிரான தடையாகச் சித்திரிக்கும் கருத்து அப்போதே அரசுக் கொள்கையாகிவிட்டது.

மகாராஷ்டிரத்தின் புதிய திருத்தம் இதை மேலும் ஒரு படி கொண்டு செல்கிறது. கடைகள் மற்றும் நிறுவனங்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேர் பணியாற்றும் இடத்துக்கும் பொருந்தியது. இனி இருபது பேர் இருந்தால்தான் பொருந்தும். தொடக்க நிலையிலுள்ள ஸ்டார்ட்அப் நிறுவனங்களில் பெரும்பாலானவை சில பேரைக் கொண்டே இயங்குபவை. அங்கே வேலை செய்யும் இளைஞருக்குப் பணிநேரம், விடுப்பு, மிகைநேர ஊதியம் ஆகியவற்றுக்கான சட்டப் பாதுகாப்பே இல்லாமல் போகிறது. ஊதியத்துக்குப் பதிலாக நிறுவனப் பங்குகள் தருவதாகக் கூறி, இரவும் பகலும் வேலை வாங்கி, முதலீடு வற்றியதும் ஒரே மின்னஞ்சலில் வெளியேற்றும் நடைமுறை இத்துறையில் பரவலாக உள்ளது. 2,200 கோடி டாலர் மதிப்பு என்று கொண்டாடப்பட்ட பைஜூஸ் நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கி, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் சென்றதை நாடே பார்த்தது.

பெரிய நிறுவனங்களில் நிலைமை மேம்பட்டதாக இல்லை. 2024 ஜூலையில், புனேயில் எர்ன்ஸ்ட் அண்டு யங் குழுமத்தில் சேர்ந்து நான்கே மாதங்களான 26 வயதுக் கேரளப் பெண் ஒருவர் இறந்தார். அளவுக்கு மீறிய பணிச்சுமையே காரணம் என்று அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியானபோது நாடு அதிர்ந்தது. நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. அதன்பிறகே மாநிலத் தொழிலாளர் துறை அந்த அலுவலகத்துக்குச் சென்றது. 2007 முதல் இயங்கிவந்த அந்த அலுவலகம், வேலைநேரத்தை ஒழுங்குபடுத்தும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவே செய்துகொள்ளவில்லை என்பது அப்போது தெரிய வந்தது. பதினேழு ஆண்டுகள் ஒரு சட்டம் ஏட்டில் மட்டுமே இருந்திருக்கிறது. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த ஆய்வாளர்களை நியமிப்பது அரசின் கடமையாக இருந்தது. ஓராண்டு கழித்து அரசு செய்தது, அந்தச் சட்டத்தின் 9 மணி நேர வரம்பைப் பத்தாக்கியதுதான்.

வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்போசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரிலும், 90 மணி நேரம் என்று லார்சன் அண்டு டூப்ரோ தலைவர் சுப்பிரமணியன் 2025 ஜனவரியில் வெளியான உரையிலும் கூறியவை தனிமனிதர்களின் உளறல்களல்ல. வேலைநாளை நீட்டி உபரி மதிப்பைப் பெருக்குவது மூலதனத்தின் மிகப் பழைய வழி. கணினித் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பதால் அந்த விதி மாறிவிடாது.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தத் தாக்குதலை நாடு தழுவியதாக்குகின்றன. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்தப்பட்டுள்ளது. மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறுபவர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார். 'குழுத் தலைவர்' என்று பெயர்ப் பலகை கொடுத்துவிட்டால் ஒரு பொறியாளரைச் சட்டப் பாதுகாப்பிலிருந்து வெளியேற்றிவிடலாம்.

இதன் பொருள் என்ன என்பதை டிசிஎஸ் காட்டியது. தனது ஊழியர்களில் 2 சதவிகிதம், அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக 2025 ஜூலையில் அந்நிறுவனம் அறிவித்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டின் முடிவில் அதன் மொத்த ஊழியர் எண்ணிக்கை 19,755 குறைந்திருந்தது. புனேயில் மட்டும் சுமார் 2,500 பேர் ராஜினாமா செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டதாக, அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நைட்ஸ் என்னும் ஊழியர் அமைப்பு முதல்வருக்குப் புகார் அளித்தது. நிறுவனம் அதை மறுத்தது. 4 லட்சம் வேலைகள் வரப்போகின்றன என்ற அறிவிப்பும், இருக்கும் வேலைகளின் பறிப்பும் ஒரே பருவத்தில் நிகழ்ந்தன.

பெயர் சொல்லப்படாத புனே

திறமைசாலிகளின் நகரம் என்று சொல்லும்போது ஆட்சியாளர்கள் யாரை எண்ணுகிறார்கள்? அடுக்குமாடிகளைக் கட்டும் பீகார், சத்தீஸ்கர் தொழிலாளர்களை அவர்கள் எண்ணுவதில்லை. 2019 ஜூன் 29 அதிகாலையில் கோண்ட்வா பகுதியில் குடியிருப்பு வளாகம் ஒன்றின் சுற்றுச்சுவர் இடிந்து, அதை ஒட்டியிருந்த தகரக் கொட்டகைகளில் உறங்கிய 15 பேர் இறந்தனர். அவர்கள் பீகாரிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பத்தினரும்.

உணவுப் பொட்டலங்களோடு விரையும் இளைஞர்களும் அந்தக் கணக்கில் இல்லை. வேலையில்லா இளைஞர்களை மலிவான உழைப்பாளிகளாக மாற்றுகின்றன நமது ஸ்டார்ட்அப்கள் என்று மத்திய வணிகத்துறை அமைச்சர் பியூஷ் கோயல் 2025 ஏப்ரலில் குறைபட்டுக் கொண்டார். அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையை உருவாக்கியது அவருடைய அரசின் கொள்கை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 2025 டிசம்பர் 31 அன்று நாடெங்கும் செயலிவழித் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அவருக்குக் கிடைத்த பதில்.

புனேக்கு இன்னொரு மரபும் உண்டு. பாபா ஆடவ் தலைமையில் 1950களில் உருவான சுமைதூக்குவோர் அமைப்பான ஹமால் பஞ்சாயத்தின் போராட்டங்கள், 1969ஆம் ஆண்டின் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் உருவாகத் துணை நின்றன. ஒரே முதலாளியிடம் நிலையாக வேலை செய்யாத தொழிலாளிக்கும் வாரியத்தின் மூலம் ஊதியமும் வருங்கால வைப்பு நிதியும் கிடைக்கச் செய்தது அந்தச் சட்டம். 1993இல் தொழிற்சங்கமாகத் திரண்ட குப்பை சேகரிக்கும் பெண்கள், பின்னர் ஸ்வச் என்ற தங்கள் சொந்தக் கூட்டுறவை அமைத்து, வீடு வீடாகக் குப்பையைப் பிரித்துப் பெறும் பணியை நகரத்துக்கு ஆற்றி வருகிறார்கள். நகரத்தின் உண்மையான சிக்கல் ஒன்றுக்கு உழைப்பாளிகளே கண்ட தீர்வு இது. புத்தாக்கம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தேவையில்லை. ஆனால், முதலீட்டாளர் மாநாட்டு மேடைகளில் இவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும்

இதை மகாராஷ்டிரத்தின் விவகாரம் என்று நாம் ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டின் பொறியியல் பட்டதாரிகள் புனேயின் அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள். சென்னையும் கோவையும் இதே ஏலத்தில் நிற்கின்றன. மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் ஊதியம் தரும் பணியிடங்களுக்கு முதலாண்டில் 30, இரண்டாமாண்டில் 20, மூன்றாமாண்டில் 10 சதவிகிதம் ஊதிய மானியமாகப் பன்னாட்டு நிறுவனங்களின் திறன் மையங்களுக்கு வழங்குவதாகத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. சத்துணவு ஊழியரும் அங்கன்வாடி ஊழியரும் காலமுறை ஊதியம் கேட்டுத் தெருவில் நிற்கும் மாநிலத்தில், உலகின் செல்வம் மிக்க நிறுவனங்களின் சம்பளப் பட்டியலை அரசுக் கருவூலம் பகிர்ந்துகொள்கிறது.

அதே தமிழ்நாடு வேறொரு பாடத்தையும் தந்திருக்கிறது. 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. இடதுசாரிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றுபட்டு எதிர்த்தன. பத்து நாட்களில், மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவிக்க நேர்ந்தது. கர்நாடகத்தில் 2024 ஜூலையில் தகவல் தொழில்நுட்பத் துறையில் 14 மணி நேரம் வரை வேலை வாங்கும் முன்மொழிவு வந்தபோது, அம்மாநில ஐ.டி. ஊழியர் சங்கம் தெருவில் இறங்கியது, அரசு பின்வாங்கியது. சங்கம் இருந்த இடத்தில் தாக்குதல் தடுக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் தடுக்கப்படாததற்கான காரணத்தையும் இங்கேதான் தேட வேண்டும்.

நமது கடமை

இடதுசாரிகள் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்கள் என்பது பழைய அவதூறு. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990இல் திருவனந்தபுரத்தில் உருவானது இ.கே.நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில்தான். அது இன்றும் அரசின் சொத்தாகவே இருக்கிறது. இணையத்தை எளியோரின் வீட்டுக்கும் கொண்டு செல்லும் கே-போன் திட்டத்தை 2023இல் தொடங்கியதும் இடதுசாரி அரசே. அறிவையும் தொழில்நுட்பத்தையும் யாருடைய உடைமையாக, யாருடைய நலனுக்காக வளர்ப்பது என்பதில்தான் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு.

அந்த அடிப்படையில் நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். வேலைநேர நீட்டிப்பும் நான்கு சட்டத் தொகுப்புகளும் கைவிடப்பட வேண்டும். பணியாளர் எண்ணிக்கை எதுவாயினும் ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்த வேண்டும். சுயசான்று முறை ஒழிந்து ஆய்வு திரும்ப வேண்டும். பொதுப் பணமும் பொது நிலமும் பெறும் நிறுவனம், உருவாக்கிய நிரந்தர வேலைகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆட்குறைப்புச் செய்தால் பெற்ற சலுகையைத் திருப்பித் தர வேண்டும். செயலிவழித் தொழிலாளர்களுக்கு மாத்தாடி வாரியத்தின் முன்மாதிரியில் முத்தரப்பு வாரியங்கள் அமைக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்களின் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.

கோரிக்கைகளை எழுதி வைப்பதோடு நமது வேலை முடிவதில்லை. ஐ.டி. ஊழியர்களைத் தொழிலாளி வர்க்கத்தின் பகுதியாகக் காணாமல், வசதியான நடுத்தர வர்க்கம் என்று ஒதுக்கும் மனப்பான்மை நம்மிடையே நெடுங்காலம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஊழியர்களிடமும், தொழிற்சங்கம் ஆலைத் தொழிலாளிக்குத்தான் என்ற எண்ணம் இருந்தது. ஆட்குறைப்பும் கட்டாய ராஜினாமாவும் அந்த எண்ணத்தை இன்று உடைத்து வருகின்றன. அவர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் துணிவு கூட்டாகச் செயல்படும்போதுதான் வரும்.

2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்திலும் நவம்பர் 26 எதிர்ப்பு நாளிலும் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயிகளும் கரம் கோத்தார்கள். அடுத்து வரும் இயக்கங்களில் தரமணியின், சிறுசேரியின், சரவணம்பட்டியின் அலுவலக வாயில்களுக்கும் நமது துண்டறிக்கைகள் செல்ல வேண்டும். ஐ.டி. ஊழியர் வாடகைக்கு இருக்கும் தெருவில் கட்சிக் கிளை இருக்கிறது. அவருக்கு உணவு கொண்டுவரும் இளைஞரும் அவருடைய அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் பெண்ணும் அதே நகரத்தில்தான் வாழ்கிறார்கள். மூவருடைய வேலைநேரத்தையும் நீட்டுவது ஒரே கை. அதை எதிர்த்து மூவரையும் ஒரே அணியில் நிறுத்தும் பணியைக் கட்சிக் கிளைகள் இன்றே தொடங்கட்டும்.